குடை அண்ணையும் சுவரில் ஏறிய என் படமும்

லண்டனிலேயே கூரைக்குக் கீழே குடை விரித்து வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் குடை அண்ணைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூத்தவரான அவரும் நானும் ஒரு கவுன்சிலின் வீடு திருத்தும் பிரிவில் வேலை பார்த்தோம். ஊரார் வீட்டுக் கூரை ஒழுக்கையெல்லாம் அடைக்கும் அந்த அலுவலகத்தின் சொந்த ஒழுக்கு, அவர் மேசைக்கு நேர் மேலே இருந்தது.

"அண்ணை, மேசையைத் தள்ளிப் போடலாமே?"

"தள்ளினால் ஒழுக்கை மறந்துபோவாங்கள், தம்பி."

வீட்டுக்காரர் தரும் ஒரு முறைப்பாட்டையும் அவர் சும்மா மூடமாட்டார். வேலை முடிந்து பஸ் ஏறி அந்த வீட்டுக்கே போய், குழாயைத் தானே திறந்து பார்ப்பார். அவர்கள் தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு மறுநாள்தான் முறைப்பாட்டுக் கோப்பினை மூடுவார். கிழமைக்கு நாலு கோப்பு மூடினாலே பெரிய காரியம்.

எங்களுக்கு உற்சாகம் ஊட்ட மேலாளர் ஒரு திட்டம் போட்டார். அதிகக் கோப்பு மூடுபவரின் படம் சுவரில் ஏறும். எனக்கு வெறி பிடித்துவிட்டது. முறைப்பாடு தந்தவரின் தொலைபேசியை இரண்டே தடவை அடிக்க விடுவேன். எடுக்காவிட்டால் 'வீட்டில் ஆளில்லை' என்று எழுதி மூடிவிடுவேன். முதல் மாதமே என் படம் ஏறியது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் குடை அண்ணை.

அடுத்த கிழமை ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கோட்டுக்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்தார். வீட்டில் ஹீட்டர் நின்று பல நாளாம். "நான் போன் இருக்கும் இடத்துக்கு நடந்து வருவதற்குள் மணி நின்றுவிடுகிறது" என்றார். மேலாளர் அவருடைய கோப்பினை எடுத்தார். மூடியது என் கையெழுத்து.

"மூடச் சொன்னது நான்தான்" என்று எழுந்தார் குடை அண்ணை.

எச்சரிக்கைக் கடிதம் அவருக்கு வந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு அந்த முழு நாளும் இருந்தது. நான் சொல்லவில்லை. கிழவி வீட்டுக்கு ஹீட்டர்காரரை அன்றே அனுப்பிவைத்ததும் அவர்தான்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"படத்தில வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறீர். கழட்ட மனம் வரேல்லை."

படத்தை நானே கழற்றினேன். மேலாளரின் கதவு வரை போனேன். தட்டக் கை வரவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் குடை அண்ணை என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார். நான் இறங்கவேண்டிய ஃபாரஸ்ட் கேட் வந்தது, போனது. அவர் இறங்கும் குட்மேய்ஸ் வரை தோளை அசைக்காமல் இருந்தேன்.