முழுச் செய்தி இயந்திரத்துக்கு

இணையச் செய்தித்தள ஆசிரியர் என்றொரு இனம் உண்டு. அவரை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். அவருடைய பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். செய்தியின் முதல் இரண்டு வரிகள் பளிச்சென்று இருக்கும், மூன்றாவது வரி மங்கும், நான்காவது வரி இருக்கவேண்டிய இடத்தில் 'தொடர்ந்து படிக்கச் சந்தா செலுத்துக' என்று ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே செய்தியைத் தேடுபொறியின் இயந்திரம் வந்து கேட்டால், தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளிவரை எடுத்து நீட்டுவார். ஏன்? இயந்திரம் முழுதாகப் படித்தால்தான் தேடலில் அவர் தளம் முதலில் வரும். மனிதர் படித்து என்ன ஆகப்போகிறது?

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் 'திறந்த கண்' என்ற தமிழ்த் தளத்தை நடத்தும் உதயகுமார் இந்த இனத்துக்கு நல்ல உதாரணம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், "நேத்து நாமதான் ஃபர்ஸ்ட்ல வந்தோம்" என்பார். என்ன செய்தியில் என்று கேட்டால், "ஏதோ ஒண்ணு" என்பார். வாசகர்களை அவர் வாசகர்கள் என்று சொல்வதில்லை. டிராஃபிக்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் சாமராஜநகர் சாலையில் தனியார் பஸ் ஒன்று கவிழ்ந்தது. மருந்துக்கடைக்கு நாலு கடை தள்ளி, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைபார்க்கும் வினிதாவின் கணவர் சக்தி அன்று விடியற்காலைதான் அந்த வழியாக ராமாபுரத்துக்குக் கிளம்பியிருந்தார். எந்தப் பஸ் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. யார்தான் கேட்பார்கள்? போன் போட்டாள், ஸ்விட்ச் ஆஃப். தேடினாள். முதலில் வந்தது திறந்த கண். தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில், 'காயமடைந்தவர்கள்: லிங்கப்பன், கமலம்மாள், சக்தி...' என்று இருந்தது. அதற்குமேல் இல்லை.

அழுத்தினாள். பஸ் கவிழ்ந்தது என்று இரண்டு வரி, பிறகு பெட்டி. பணம் கட்டினாள். 'உங்கள் சந்தா பரிசீலனையில் உள்ளது, நன்றி' என்றது பெட்டி.

வினிதா மருந்துக்கடை மாடிக்கு ஓடினாள்.

"சார், பஸ் லிஸ்ட்ல சக்தின்னு ஒரு பேர் இருக்கு. எங்க வீட்டுக்காரரான்னு பாக்கணும். மீதிய காட்டுங்க."

உதயகுமார் நிமிர்ந்தார். "சர்ச் பண்ணி வந்தீங்களா, நேரா நம்ம சைட்டுக்கே வந்தீங்களா?"

"சர்ச் பண்ணிதான்."

"எத்தனாவதா வந்துச்சு?"

இதைக் கேட்கும்போது அவர் முகத்தில் இருந்த பரிவை அவருடைய மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டார்.

"சார், அந்த சக்தி எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

"ஸ்வல்ப இருங்கம்மா, ஒரு நிமிஷம்." தன் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தார். பெட்டி வந்தது. பெட்டிக்கு ஆசிரியர் என்ன, அடுத்தவர் என்ன? பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார். தவறு என்றது. "சேகரன்னு நம்ம டெக்னிக்கல் ஆளு, அவர் இருந்தா தொறந்துடுவாரு. இன்னைக்கு லீவு. இப்ப சர்ச் மெஷினுக்கு மட்டும்தான் முழுசாத் தெரியும்."

"மெஷினுக்குக் காட்டுறீங்க. எனக்குக் காட்டக் கூடாதா?"

"அது வேற செட்டிங்மா. மெஷின் படிச்சிட்டு சும்மா போயிடும். மனுஷங்கன்னா காப்பி அடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுடுவாங்க."

வினிதா சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் மூலையிலிருந்த செய்தியாளர் அஷ்வினி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். செய்தியை எழுதியவளே அவள்தான்.

"யாரு, சக்தியா? அவங்க லேடி, அக்கா. சாமராஜநகர்தான் ஊரு. கையில அடி, அவ்ளோதான். நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வந்தது வினிதாவுக்கு. அழுது முடிப்பதற்குள் போன் அடித்தது.

"சார்ஜ் தீந்துபோச்சு புள்ள. இப்பத்தான் ராமாபுரம் வந்து போட்டேன்," என்றார் சக்தி. "எதுக்கு அழுவுற?"

இதோடு போயிருந்தால் உதயகுமாரை மன்னித்திருக்கலாம். அன்று மதியம் அவர் தளத்தில் புதுச் செய்தி ஒன்று ஏறியது: 'கணவரைத் தேடித் தவித்த பெண்: ஓடோடி உதவியது திறந்த கண்'. தேடலில் முதலிடம். கடையில் யாரோ சொல்லி வினிதா தேடிப் பார்த்தாள். தலைப்புக்குக் கீழே, 'கண்ணீருடன் மாடியேறிய வினிதா, ஆசிரியரின் கைகளைப் பற்றிக்கொண்டு...' என்று இருந்தது. அழுத்தினாள். பெட்டி. சந்தா இன்னும் பரிசீலனையில் இருந்தது. ஆசிரியரின் கைகளைப் பற்றிக்கொண்டு தான் என்ன செய்தோம் என்பது வினிதாவுக்கு இன்றுவரை தெரியாது. இயந்திரத்துக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் மேலாளர் போனில் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டதும் எழுந்து நின்று, ஆபீஸில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தீர்களே, நினைவிருக்கிறதா? போனை வைத்ததும் பக்கத்திலிருந்த மனைவி அதே கேள்வியைக் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றீர்கள். உதயகுமாராவது, சந்தா கட்டினால் காட்டுவேன் என்று பேச்சுக்காவது சொல்கிறார்.