மாமியாரின் பல்செட்டும் ஈறானந்தரின் பீங்கான் பேசினும்

ஈறானந்தர் வாயைத் திறந்தால் போதும், ஊரே வாயைப் பிளந்துகொண்டு ஓடிவரும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்குதான் ஆசிரமம். கன்னத்தைப் பிடித்தவர்கள், துண்டால் வாயைப் பொத்தியவர்கள், வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் நின்றுவிட்டவர்கள் என்று தெருமுனை வரை கூட்டம். சும்மா சாமி அல்ல, விஞ்ஞான சாமி! தலைக்கு மேலே 'பெப்டைடு பெருமான்' என்று பலகையே தொங்கியது.

அந்த வரிசையில் கிளாரினெட்காரரும் நின்றார். கல்யாண பேண்டில் ஊதுகிறவர். கருவியைக் கவ்விப் பிடிப்பது மேல் முன்பற்கள். அவை இப்போது ஆட்டம் கண்டிருந்தன. பல் போனால் ஊதல் போகும். ஊதல் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

பல் டாக்டர் அவரிடம் முன்பே பொறுமையாகச் சொல்லியிருந்தார்: "கிருமியக் கொல்ற சின்னச் சின்னப் புரதங்க உங்க எச்சில்லயும் ஈறுலயும் தானாவே சுரக்குது. பெப்டைடுன்னு பேரு. ஆனா அழுக்கு கல்லாட்டம் படிஞ்சு, உள்ள கிருமி கூடு கட்டிட்டா அதுங்களால சமாளிக்க முடியாது. சுரண்டி எடுத்தே ஆகணும்."

சுரண்டல் என்றதும் இவர் நாற்காலியை விட்டு எழுந்து நேரே ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். சாமி சுரண்டுவதில்லை. அதாவது, பல்லைச் சுரண்டுவதில்லை.

"மகனே, உன் பெப்டைடுகள் உறங்குகின்றன. நான் எழுப்பினால் கெட்ட ரத்தம் தானே இறங்கும்!"

எழுப்பும் விதம் இதுதான். மஞ்சள் தீர்த்தத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, தெளிந்த நீர் வைத்த பீங்கான் பேசினில் துப்ப வேண்டும். துப்பியதும் செக்கச்செவேல்! கூட்டம் அலறும். உண்டியல் நிறையும்.

கிளாரினெட்காரர் வாரம் தவறாமல் துப்பினார். பல்லும் வாரம் தவறாமல் கூடுதலாக ஆடியது. இந்த வாரம் துணைக்கு மாமியார் வந்தார். அவர் வாயில் இருப்பது அத்தனையும் கட்டுப்பல். வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அவர் வீட்டாருக்குப் போட்ட உத்தரவு.

"பாத்தீங்களா அத்தை, எவ்வளவு கெட்ட ரத்தம்!"

"முன்னாடி துப்பின பொண்ணுக்கும் இதே செவப்பு மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடி துப்பின போலீஸ்காரருக்கும் இதே செவப்பு. எல்லார் ரத்தமும் ஒரே அளவாவா கெட்டுப்போகும்?"

"சந்தேகப்பட்டா இருக்கிற பல்லும் போயிடும் அத்தை!"

"எனக்கு அந்தப் பயமில்ல" என்றபடி மாமியார் முன்னால் போனார். சீடன் புது பேசின் வைத்தான். அவர் தீர்த்தத் தம்ளரை வாங்கினார், வாயில் ஊற்றவில்லை. பல்செட்டைக் கழற்றி அதில் போட்டார். நன்றாகக் குலுக்கி, தீர்த்தத்தைப் பேசினில் ஊற்றினார்.

செக்கச்செவேல்!

மாமியார் பல்செட்டை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, பொக்கை வாயால் கேட்டார்: "சாமி, இது பிளாஸ்டிக் ஈறு. இதுல எந்தப் பெப்டைடு தூங்குச்சு?"

"அது... முன்ஜென்மக் கறை, தாயே."

"போன வருஷம்தானய்யா செஞ்சு வாங்கினேன்! அதுக்கு ஏது முன்ஜென்மம்?"

சிரிப்பு வெடித்தது. கிளாரினெட்காரர் சிரிக்கவில்லை. யார் வாயும் படாத தம்ளர் ஒன்றை எடுத்தார். அடுத்த பேசினில் கவிழ்த்தார். அதுவும் சிவந்தது.

"தம்ளருக்கும் ஈறு நோயாம்டா!" என்று ஒரு குரல்.

போலீஸ்காரர் சாமிக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கினார். அங்கே பேசின்களில் ஊற்ற வாளி வாளியாகச் சுண்ணாம்புத் தெளிநீர்! மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வீட்டில் கலந்தால் சாயம், சாமி கலந்தால் ரத்தம்!

ஈறானந்தர் பின்கதவைத் தேடினார். போலீஸ்காரர் அங்கேயும் நின்றார். அவரும் காசு கொடுத்துத் துப்பியவர்தானே.

மறுநாள் டாக்டர் சுரண்டினார். ஒரு முன்பல் தட்டில் விழுந்தது. "ஆரம்பத்துலயே வந்திருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். மற்றவை பிழைத்தன.

"விடுங்க மாப்பிள்ளை, எனக்குப் பல் கட்டினவர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன். கட்டுப்பல்லோட ஊதிப் பழகிக்கலாம்" என்றார் மாமியார்.

ஈறைக் காக்கத் தானாகவே புரதம் சுரக்கிறது, சரி. அறிவைக் காக்க அப்படி எதுவும் சுரப்பதாக டாக்டர் சொல்லவில்லை. அறிவில் படியும் அழுக்கை அவரவரேதான் சுரண்டிக்கொள்ள வேண்டும்.