இரண்டு நூல்

9.8.2001, வியாழன். இன்று செய்த தவறு: கால் அங்குலம் என்று சொல்லாமல் இரண்டு நூல் என்று சொல்லிவிட்டேன்.

சங்கமித்ரா டைரியில் இதற்கு மேல் எழுதவில்லை. எழுத எழுத தவறு வளர்ந்துகொண்டே போகும் என்று பயம்.

பகலில் அவளுக்குத் தண்டையார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வேலை. மாலையில் திருவொற்றியூர் சமுதாயக் கூடத்து அறையில் காகிதப் புத்தகம் செய்யச் சொல்லிக்கொடுத்தாள். திறந்தால் உள்ளேயிருந்து கப்பலோ கிரேனோ எழுந்து நிற்கும் புத்தகம். மாணவர்கள் ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார், ஒன்பது புத்தகமும் ஒழுங்காகத் திறந்து மூடினால்தான் வகுப்பு நீடிக்கும், இல்லாவிட்டால் அறை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அச்சகத்தில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் துரைக்கும் அந்தக் கணக்குத் தெரியும். குப்பத்தில் வலை பின்னும் பூவம்மாவுக்கு மட்டும் நூல் என்றால் நூல்தான். "மடிப்புலேர்ந்து ரெண்டு நூல் விட்டு ஒட்டுங்க" என்று டீச்சர் சொன்னதும், இடுப்பிலிருந்து நைலானை எடுத்தாள். தன் காகித லாஞ்சுப் படகின் மூக்கிலிருந்து ஒன்று, கம்பத்திலிருந்து ஒன்று என்று இரண்டு நூல் விட்டு, அட்டையோடு இழுத்து முடிந்து, முடிச்சின்மேல் மைதா பசையையும் அப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பசை நன்றாகக் காய்ந்துவிட்டது. எட்டுப் புத்தகம் மூடின. பூவம்மாவுடையது கொட்டாவி விட்டபடி நின்றது.

"அக்கா, அந்த நூல அறுத்துடலாமா?"

"இன்னா டீச்சரு, சுறா இழுத்தாலே வுடாத முடிச்சு அது. நீதான வுடச் சொன்ன."

"நான் சொன்னது வேற நூலுக்கா."

"எத்தினி நூலும்மா வெச்சிகினு கீற நீ?"

துரை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேட்டர் ஒண்ணியும் இல்ல டீச்சர். அட்டைக்கு வெயிட்டு பத்தல. நான் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல சங்கமித்ரா வாயைத் திறப்பதற்குள் அவன் சைக்கிள் பையிலிருந்து இரண்டு தகடுகளைக் கொண்டுவந்து, முன்னட்டைக்கு ஒன்று பின்னட்டைக்கு ஒன்று வைத்து ரிவிட் அடித்துவிட்டான். புத்தகம் இப்போது மூடியது. ஆனால் கையை எடுத்தால் எலிப்பொறி மாதிரி படாரென்று திறந்துகொண்டது.

"இத்த யாருனா அமுக்கிகினே இருக்கணும்" என்றான் துரை.

"அம்மாடி, அவ்ளோதான?" என்று பூவம்மா புத்தகத்தை நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று சங்கமித்ராவுக்கும் தோன்றியது. சார் எட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார், ஒன்பதாவதைக் கேட்டால் காய்கிறது என்று சொல்லிவிடலாம். பெரிய பொய்யும் இல்லை.

அப்போது கையில் ஃபைலும் பையில் இரண்டு பேனாவுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"என் பேரு சவரிநாதன். இந்த ரூம் விஷயமா வந்தேன்."

மரியாதைக்காக ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். பூவம்மாவும் எழுந்தாள்.

டமார்.

வந்தவர் ஓடவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அட்டைகளைச் சேர்த்து அழுத்தி மூடினார். கையை எடுத்தார். அச்சகத்தில் மிஞ்சிய பத்திரிகை அட்டையில் செய்த, பக்கவாட்டில் 'நல்வரவு' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட லாஞ்சு சீறி எழுந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொத்திக்கொண்டு நின்றது.



"கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவல சார்" என்றான் துரை. "கம்பத்துல கரெக்டா மாட்டிகினு கீது."

"சார், தப்பு இவங்களோடது இல்ல, என்னோடது" என்று சங்கமித்ரா ஆரம்பித்து, அங்குலம், நூல், நைலான், தகடு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணாடி இல்லாமலே புத்தகத்தை மூடினார். திறக்கவிட்டார். மறுபடி மூடினார். நான்காவது தடவை சிரித்துவிட்டார்.

"இது எப்படிம்மா எழும்புது? எனக்கு ஒரு அட்டை குடுங்க."

பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து சங்கமித்ரா இருப்பதிலேயே நல்ல அட்டையாகப் பார்த்துக் கொடுத்தாள். அவர் பூவம்மாவுக்கும் துரைக்கும் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் மடித்தார், பிரித்தார், விரலெல்லாம் பசையாக்கிக்கொண்டார்.

"மூக்க அந்தாண்ட மடி நைனா. இன்னாத்த படிச்சியோ" என்றாள் பூவம்மா.

"அக்கா, ஆபீசர்க்கா" என்று சங்கமித்ரா காதோரம் கிசுகிசுத்தாள்.

"ஆபீசர் மடிச்சா மட்டும் கோணையா மடிச்சது நேரா பூடுமா?"

"அவங்க சொல்றது சரிதான்" என்று அவர் பிரித்து மறுபடி மடித்தார். துரை தன்னிடமிருந்த கடைசித் தகட்டைப் பெரிய மனதோடு அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோதும் அவர் எழவில்லை. சங்கமித்ரா சேலைத் தலைப்பைத் திருகியபடி அருகில் போனாள்.

"சார்... ரிப்போர்ட்டுல என்ன சார் எழுதுவீங்க?"

"ரிப்போர்ட்டா? நான் டைப்ரைட்டிங் மாஸ்டர்மா, இந்த ரூம் போன வாரமே என் பேருக்கு ஆயிடுச்சு, சாவி வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார் அவர், கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது கிடக்கட்டும், இது இன்னும் ஒரு பக்கமா சாயுது, நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"

10.8.2001, வெள்ளி. நாளைய வேலை: பத்துப் பேருக்கு அட்டை வெட்ட வேண்டும்.