கூரை உங்களுடையது, பேனல் எங்களுடையது

தொட்டிலின் நான்காவது காலை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அறிவிப்பாளரின் வழுக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மேலே பார்த்தார். இரண்டாவது சொட்டு மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. மூன்றாவது, தொட்டில் மெத்தையின் நட்டநடுவில்.

அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை காலை மகள் இரண்டு மாதக் குழந்தையோடு வருகிறாள். ஒரு மாதம் தங்கப்போகிறாள். வீட்டில் படுக்கையறைகள் இரண்டே. மற்ற அறையில் கட்டிலும் பீரோவும் போக, ஆள் திரும்பவே இடம் கிடையாது. தொட்டில் போட இந்த அறையை விட்டால் வேறு வழியில்லை.

அவர் ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அறிவிப்பாளர். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று நாளுக்கு முப்பது தடவை சொல்லிச் சொல்லி, வீட்டிலும் எதையும் இரண்டு முறை சொல்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

"ஒழுகுது. கூரை ஒழுகுது" என்றார்.

கணக்கு டீச்சரான மனைவி வாளியோடு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"பேனலுக்கு நேர் கீழ" என்றாள். அந்த மூன்று சொல்லிலும் குத்து இருந்தது.

குத்துக்குக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி மொட்டைமாடியில் பதினெட்டு சோலார் பேனல்களை வைத்துவிட்டுப் போனது. எல்லாம் வாடகைக்கு, இருபது வருட ஒப்பந்தம். நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒன்றைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அறிவிப்பாளர். பேச வந்தவரின் உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை கொத்தனார் வந்தார். மழைக்காக மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருந்தார். மாடியில் குப்புறப் படுத்து, பேனலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரும்புக்கால் ஊன்றிய இடத்தில் தளம் விரிசல் விட்டிருக்கிறது, இரண்டு பேனலைக் கழற்றினால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார்.

"அப்ப கழட்டுங்க. கழட்டிடுங்க."

"நான் தொட மாட்டேன் சார். அடுத்தவங்க பொருள். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க கம்பெனிய கை காட்டுவீங்க, கம்பெனி என்னைக் கை காட்டும். கம்பெனி ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு சரின்னு சொல்லட்டும். கண்ண மூடிக்கிட்டுக் கழட்டுறேன்."

"கண்ணத் திறந்துகிட்டே கழட்டுங்க, போதும்" என்றாள் மனைவி.

அறிவிப்பாளர் கம்பெனிக்கு போன் செய்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிவுக்குரல் நாற்பது நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். அவரோ, 'மிகவும்' என்பதற்குப் பிறகு விட்ட சின்ன இடைவெளியை ரசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். பொறுமையான பெண். பேனல் கம்பெனியுடையது, கூரை உங்களுடையது. அதனால் ஒழுகலுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்றாள். பேனலைக் கழற்ற கம்பெனியின் டெக்னீஷியன்தான் வரவேண்டும். டெக்னீஷியன் மாடி ஏறவேண்டும் என்றால், கூரை ஒழுகவில்லை என்று சான்றிதழ் வேண்டும்.

"ஒழுகலேன்னா நான் ஏம்மா உங்களைக் கூப்பிடப் போறேன்?"

"நீங்க சொல்றது நியாயம்தான் சார். ஆனா நியாயத்துக்கு என் கம்ப்யூட்டர்ல பட்டன் இல்ல."

தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அறிவிப்பாளர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

மழை வலுத்தது. கொத்தனார் பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, ஒழுகும் பக்கத்துப் பேனல்களின் மேல் போட்டுக் கட்டிவிட்டுப் போனார். அறைக்குள் சொட்டு பாதியாகக் குறைந்தது. அரை மணி நேரத்தில் கம்பெனியிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது: மின் உற்பத்தி குறைந்திருக்கிறது, தொடர்ந்து குறைந்தால் ஆய்வுக்கு ஆள் அனுப்பப்படும்.

அறிவிப்பாளர் பதறிப்போய் தார்ப்பாயை எடுக்க ஓடினார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. கூரை ஒழுகினா வரமாட்டாங்க. கரண்டு குறைஞ்சா வருவாங்க. அப்ப நாம என்ன பண்ணணும்?"

வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டாள். அவரும் பெஞ்சில் உட்கார்ந்தவர்போல யோசித்து, "குறைக்கணும்" என்றார்.

வீட்டில் இருந்த போர்வை, ஜன்னல் திரை, சோபா உறை, அவருடைய பழைய யூனிஃபார்ம் கோட்டுகள் நான்கு, எல்லாம் மாடிக்குப் போயின. பதினெட்டு பேனலும் மறைந்தன. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, மழையில் துணி காயப்போடுகிறீர்களா என்று விசாரித்துவிட்டு, பதில் வராததால் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க இருவரும் லீவு போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். யாரும் வரவில்லை. சாயங்காலம் செய்திதான் வந்தது: உற்பத்திக் குறைவுக்கு மழைக்காலமே காரணம் எனக் கண்டறியப்பட்டது, உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? கை ஈரத்தில் ஐந்தும் அழுந்திவிட்டன.

அதற்குள் நனைந்து கனத்த போர்வைகள் சரிந்து வடிகாலை அடைத்துக்கொண்டன. மாடியில் தண்ணீர் தேங்கியது. இப்போது இரண்டாவது அறையும், பீரோவுக்கு மேலே, ஒழுக ஆரம்பித்தது.

மனைவி தொட்டிலை மெல்ல நகர்த்தி, ஒழுகாத இடம் எது என்று தேடினாள். அறையின் நான்கு மூலைக்கும் போய்விட்டு, கடைசியில் அதைச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அறிவிப்பாளர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேத்தியைத் தூங்கவைக்க ஒரு காய்ந்த இடம் இல்லாத வீட்டுக்கா மகளைக் கூப்பிட்டோம் என்று நினைத்தார். வராதே என்று போனில் சொல்ல இரண்டு முறை ஒத்திகை பார்த்தார். பிறகு போனை எடுக்காமலே விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கொத்தனார் தன் தார்ப்பாயை எடுத்துப்போக வந்து, அதே மஞ்சள் தொப்பியோடு மாடியில் நின்றுகொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒருவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். கையில், கம்பெனியின் சிரிக்கும் சூரியன் படம் போட்ட கோப்பு.

"உங்க மாடியில பேனல்... நானும் கொஞ்சம் ஏறிப் பாக்கலாமா?" என்றார் தயக்கமாக.

அறிவிப்பாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதற்குமேல் அந்த மனிதருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. தொட்டிலில் தொடங்கி நட்சத்திரம் வரை முழுக்கதையையும் அறிவிப்பாளர் சொன்னார், இரண்டு முறை. மனைவி ரொட்டியும் ஆம்லெட்டும் வைத்தாள், டீ கொடுத்தாள், இன்னொரு ஆம்லெட் வைத்தாள். வந்தவர் எல்லாவற்றுக்கும் வருத்தமாகத் தலையாட்டினார். கம்பெனியில் இப்படி ஒரு மனசுள்ள ஆளா என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாடிக்கு அழைத்துப் போனார்கள். கொத்தனார் விறைப்பாக நின்றார்.

"ரெண்டு பேனலைக் கழட்டலாமா சார்?"

"தாராளமா. கழட்டினாத்தானே வேலை நடக்கும்" என்றார் வந்தவர்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தார்கள். கொத்தனார் வேலையில் இறங்கினார். வந்தவர் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். மெயின் சுவிட்சை அணைத்தாகிவிட்டதா, நட்டுகளை எண்ணி வைத்தாகிவிட்டதா, பூச்சு காய எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். பரீட்சை எழுதுகிறவர்போலக் கொத்தனாருக்கு வேர்த்தது. ஒரு பூச்சு போதும் என்கிற இடத்தில் மூன்று பூச்சு பூசினார். யாரும் சொல்லாமலே வடிகாலைச் சுத்தம் செய்தார். இரண்டாவது அறைக்கு மேலே இருந்த விரிசலையும் தேடிப் பிடித்து அடைத்தார்.

நான்கு மணிக்கு பேனல்கள் திரும்ப ஏறின. அறிவிப்பாளர் மாடியில் ஆறு வாளித் தண்ணீர் ஊற்றினார். கீழே மனைவி அண்ணாந்து நின்றாள். சொட்டுச் சத்தமே இல்லை. பிறகு, தொட்டில் சமையலறையிலிருந்து அறைக்கு நகர்ந்து வரும் ஓசை கேட்டது. அறிவிப்பாளர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொத்தனார் மட்டும் விவரமாக, ஒரு கையெழுத்து இருந்தால் நல்லது என்றார். அதற்கென்ன என்று மனைவி, கம்பெனியின் அனுமதியோடு பேனல் கழற்றி மாட்டப்பட்டது என முத்து முத்தாக எழுதி, பேனாவோடு வந்தவரிடம் நீட்டினாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். கொத்தனாரின் மஞ்சள் தொப்பியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"நான் பின்தெருவுல செருப்புக்கடை வெச்சிருக்கேன் டீச்சர். என் வீட்டுலயும் இதே பேனல், இதே ஒழுகல்... உங்களுக்காவது கம்பெனி ஆள் வந்துட்டாரே, வேலை முடிஞ்சதும் இவரைக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னுதான் காலையிலேருந்து நிக்கிறேன்."