வரிசையை மீறிய பெருக்கல்

குடிநீர் அலுவலகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யார் முதலில் வந்தாரோ அவருக்கே முதலில் வேலை நடக்கும். அப்படித்தான் சுவரில் எழுதியிருக்கிறது.

அந்த அலுவலகத்துக்கு வரைபடம் போடும் கால்குலேட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. பக்கத்து அலுவலகம் வாங்கிவிட்டதே, நாம் மட்டும் இளைத்தவர்களா? வீட்டுக்கு இரண்டு குடம், அதோடு தலைக்கு மூன்று குடம் என்பது விதி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 2 + 3 × 4 என்று குமாஸ்தா தட்டினார். பதினாலு என்று காட்டியது.

மேலதிகாரிக்கு முகம் சிவந்தது. "கூட்டல்தானே முன்னாடி நிக்குது? இது எதை முதல்ல செஞ்சுது?"

"பெருக்கலைங்க ஐயா. கூட்டல் அப்புறம்தான். கணக்கோட வழக்கமே அப்படி."

"பின்னாடி வந்தவன் முந்திக்கிறதா? நம்ம ஆபீஸ்லயா? யாரு சிபாரிசு?"

அடைப்புக்குறிக்குள் போட்டால் அதைத்தான் முதலில் கவனிக்கும் என்றார் குமாஸ்தா. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றே ஆணை பிறந்தது: "கூட்டலுக்கு நெடுங்காலமாக இழைக்கப்பட்டுவரும் அநீதியைக் களையும் பொருட்டு, இனி அது அடைப்புக்குறிக்குள் அமர்த்தப்படும்." (2 + 3) × 4. ஆக, இருபது குடம். திரையில் குடக் கணக்கின் வரைபடக் கோடு முன்னைவிடச் செங்குத்தாக ஏறியது. அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார்.

ஊரே கொண்டாடியது. தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் ஆணையின் நகல் போகவில்லை. முன்தெருக்கள் இருபது இருபதாகப் பிடித்ததும் அது வறண்டது. கடைசித் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது.

அந்தத் தெருத் தையல்காரி காலிக் குடத்தோடு வந்தாள். "ஐயா, மாமியார் படுத்த படுக்கை. துணி அலசக்கூடத் தண்ணியில்ல."

"உங்க வீட்ல நாலு பேரு. இருபது குடம் உன் பேர்ல இருக்கேம்மா."

"குடத்துல இல்லீங்களே. பழையபடி பெருக்கலை முதல்ல போடுங்க. பதினாலு போதும். எல்லாருக்கும் வரும்."

அவள் தெருக்காரர்களே பின்னாலிருந்து கத்தினார்கள். அவர்கள் இடுப்பிலும் காலிக் குடம்தான். "எங்க இருபதைக் குறைக்கச் சொல்ல இவ யாரு?"

அதிகாரிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. மக்கள் மனம் குளிர, தலைக்கு மூன்று என்பதை நாலாக்கினார். நாலு பேர் வீட்டுக்கு இனி இருபத்துநாலு. குடங்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள்.

தையல்காரியும் தன் காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எங்க வீட்ல ஒருத்தர் விட்டுப்போச்சு. அஞ்சு பேரு. முப்பதுன்னு போட்டுக்குங்க."