பலாத்தோப்பில் புளியோதரை

ஒரு காட்டில் பழமரங்களைத் தவிர மற்றெல்லா மரங்களும் இருந்தன. ஆகையால் அக்காட்டு விலங்குகள் ஒரு ஞாயிறன்று வேன் அமர்த்திக்கொண்டு, பலாவும் முந்திரியும் விளையும் தோப்பொன்றைக் காணப் புறப்பட்டன. மருதையன் என்னும் கரடி முந்தைய நாளிலிருந்தே உணவைத் தொடவில்லை. பலாச்சுளையை அது படத்தில் மட்டுமே பார்த்திருந்தது.

தோப்பு வாயிலில் காவற்கார முள்ளம்பன்றி விதியை அறிவித்தது: "உள்ளே எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க. வெளியே ஒரு கொட்டைகூடப் போகக் கூடாது."

கரடி பாய்ந்தது.

"நில்லுப்பா!" என்றது பயணத் தலைவியான யானை செங்கமலம். அது தும்பிக்கையால் வேனிலிருந்து ஓர் அண்டாவை இறக்கியது. "விடியக்காலம் எழுந்து கிளறின புளியோதரை. இதைத் தீர்த்துட்டுத்தான் பழம். ஊசிப்போனா யாரு பொறுப்பு?"

புளியோதரை அவ்வளவு எளிதில் ஊசிப்போகாது என்பதை எல்லா விலங்குகளும் அறிந்திருந்தன. எனினும் அத்தும்பிக்கையை எதிர்த்துப் பேச எவ்விலங்கும் துணியவில்லை.

வேலப்பன் என்னும் குரங்கு மட்டும் நெஞ்சைத் தடவி நீண்டதோர் ஏப்பம் விட்டது. "ஐயோ அத்தை, வீட்லயே மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுட்டேன். என் பங்கைக் கரடியண்ணனுக்கு வைங்க. பாவம், நேத்திலேருந்து பட்டினி."

"பட்டினியா? முதல்லயே சொல்லக் கூடாதாப்பா?" யானையின் கண்கள் கலங்கின. கரடியின் இலையில் ஒரு குன்று எழுந்தது.

"போதும் அத்தை..."

"ஏன், என் கைப்பக்குவம் பிடிக்கலையா?"

"ஐயையோ, அமிர்தம்!"

நற்பண்பு மிக்க அக்கரடிக்கு, அமிர்தம் என்றால் இரண்டாவது குன்று எழும் என்பது தெரியாது. மானும் முயலும் தத்தம் பங்கையும் அன்போடு அவ்விலையில் சேர்த்துவிட்டுத் தோப்புக்குள் நழுவின.

அண்டா காலியானபோது கரடியால் எழ இயலவில்லை. பலாமரத்தடிக்கு உருண்டு சென்று மல்லாந்து கிடந்தது. மேலே, வீட்டில் எதையுமே உண்டிராத குரங்கு சுளை சுளையாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு போடு தம்பி," என்று கரடி வாயைத் திறந்தது. உள்ளே சுளை விழுவதற்கு முன் வெளியே ஏப்பம் வந்தது. அது மெய்யேப்பம். சுளை மூக்கில் பட்டு மண்ணில் விழுந்தது.

திரும்பும் வழியில் யானை மகிழ்ச்சியோடு அறிவித்தது: "அடுத்த மாசம் மாந்தோப்பு! மருதையன் எவ்வளவு ஆசையாச் சாப்பிட்டான்! அவனுக்காகவே ரெண்டு அண்டா கிளறப்போறேன்."

வேனின் கடைசி இருக்கையில் கரடி, குரங்கிடம் ஏப்பம் விடப் பயின்றுகொண்டிருந்தது.

நீதி: வெறும் வயிற்றோடு தோப்புக்குச் செல்பவன் சோறு உண்பான், பொய்யேப்பத்தோடு செல்பவனே பழம் உண்பான்.