இலை விட்ட எல்லைக் குச்சிகள்

எத்தனையோ பேருடைய சோம்பேறித்தனம் வெளியே தெரியாமல் அவர்களோடேயே சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது. என்னுடையது மட்டும் இலை விட்டது. ஒரு இடத்தில் இல்லை, நாற்பத்து நாலு இடத்தில். அதுவும் ஜப்பான் அதிகாரி பார்வையிட வந்த காலையில். (நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.)

அப்போது எனக்கு இருபது வயது. மலாயாவில், போர்டிக்சன் போகும் சாலையை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார். தோட்டத்தைக் கணக்கெழுதும் கிராணிதான் நடத்தினார். யாழ்ப்பாணத்து மனிதர். அடைமழையிலும் வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு சேறு படாது. ரப்பர் வாங்க ஆளில்லாததால் பால் எடுத்த கையெல்லாம் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாலையோர லயத்து வீடுகளைச் சிப்பாய்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். பதினொரு குடும்பம் நடுத்தெருவில். என் அக்கா பாக்கியமும் அவள் புருஷன் ராமன் மாமாவும் அதில் ஒரு குடும்பம். அக்காவுக்கு நிறைமாதம். ஏற்கெனவே ஆறு பேர் படுத்த எங்கள் அறையில் இன்னும் இரண்டு பேர்; வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் மூன்று.

பிறகு சட்டம் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி அதை வாசித்தார். ஓடையோரச் சமதரை முழுக்க உணவுப் பயிருக்கு. அங்கே கோழிக்கூடு கூடக் கட்டக்கூடாது. மேட்டில் மட்டும் பதினொரு மனை. பயிர் நிற்கிற இடம் எதுவானாலும் அங்கே வீடு கிடையாது. பயிரைப் பிடுங்குகிறவனுக்கு மன்னிப்பு கிடையாது. பத்து நாளில் அதிகாரி வந்து மனைகளைப் பார்த்துப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார். பட்டியலில் வீடில்லாத குடும்பத்து ஆண்களை சயாமுக்கு, ரயில் பாதை போட, லோரியில் ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. அன்று மாமாவுக்கு வாயில் வைத்த கிழங்கை விழுங்கவே வெகுநேரம் ஆயிற்று.

மனைக்கு நாலு மூலை, மூலைக்கு ஒரு குச்சி. அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். அக்கா வீடாயிற்றே!

"காட்டுக்குள்ள போய் நல்ல வைரமான மரமா வெட்டு. விளங்கிச்சோ?" என்றார் கிராணி.

"கவலைய விடுங்கய்யா. பத்து வருஷத்துக்கு அசையாது லா!"

காட்டில் அட்டை இருந்தது. புலி இருப்பதாகவும் பேச்சு. ஆனால் போகிற வழியிலேயே, மறு நடவுக்கு வெட்டிப்போட்ட மரவள்ளிக் குச்சிகள் குவியலாகக் கிடந்தன. நேரானவை. கத்தி பட்டதும் கூர் விழுந்தது. மரவள்ளிக் குச்சி மண்ணைத் தொட்டால் முளைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் மூளையைப் பயன்படுத்தினேன். எல்லாவற்றையும் தலைகீழாக அடித்தேன். தலை மண்ணுக்குள் போனபின் எப்படி முளைக்கும்? (இந்தக் கேள்வியை நான் மரவள்ளியிடம் கேட்டிருக்க வேண்டும்.) மேலே சேறு பூசி, காட்டு மரம் மாதிரி ஆக்கிவிட்டு, ரப்பர் மர நிழலில் படுத்துத் தூங்கினேன். கிராணி கால்சட்டைக்குப் பயந்து கீழேயிருந்தே பார்த்துத் தலையாட்டினார்.

அந்த வாரம் முழுக்க மழை.

பத்தாம் நாள் காலையில் மனைகளைப் பெருக்கி வைக்கலாமென்று மேட்டில் ஏறினேன். கால் நின்றுவிட்டது. ஒவ்வொரு குச்சியிலும் நாலைந்து தளிர். முதலில் கீழே இறங்கி, தப்பான வழி என்று தெரிந்ததும் கொக்கி போல வளைந்து மேலே ஏறியிருந்தது. நாற்பத்து நாலும். ஒரு குச்சிகூட என்மேல் இரக்கப்படவில்லை.

கீழே கார் சத்தம்.

ஓடி ஓடித் தளிரைக் கிள்ளினேன். சட்டைப் பை நிறைந்தது. சாரோங் மடிப்பு நிறைந்தது. மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டேன். பதினேழாவது குச்சியில் என் கை இருந்தபோது, "பக்கேரோ!" என்று ஜப்பான் வசவில் ஒரு கத்தல். அதிகாரி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், பின்னால் கிராணி, பதினொரு குடும்பங்கள்.

"சியாப்பா தானாம்?" என்றான் அதிகாரி மலாயில். யார் நட்டது என்று கேட்கிறான். வாய் நிறைய இலை. எப்படிப் பதில் சொல்வது? கன்னத்தில் ஒன்று விழுந்தது. இலையெல்லாம் அவன் சப்பாத்தில் தெறித்தது.

அவன் மேட்டைச் சுற்றிப் பார்த்தான். கிராணியிடம் ஏதோ சொன்னான். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது பயிர் நிலமாம். வீட்டுக்கு இடமில்லையாம். பதினொரு குடும்பத்துப் பேரையும் பட்டியலில இருந்து வெட்டப் போறானாம்."

மாமா அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"ஐயா, இது பயிர் இல்லய்யா, எல்லைக் குச்சின்னு சொல்லுங்க!"

"குச்சி இலை விடுமோடா?"

அதிகாரி பேனாவைத் திறந்தான். அப்போதுதான் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி மேலே வந்தாள்.

"தள்ளுடா, எருமை."

குனிய முடியாமல் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு குச்சியைப் பிடுங்கினாள். பயிரைப் பிடுங்கினால் மன்னிப்பு இல்லை என்று அவளும் பெரட்டில் கேட்டவள்தான். சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். குச்சியிலிருந்து மண் உதிரும் சத்தம்கூடக் கேட்டது.

அக்கா கூர் முனையை அதிகாரி மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"தெங்கோ, துவான்! பாருங்க! பயிர் வைக்கிறவன் இப்படிக் கூர் சீவுவானா? தலைகீழா நடுவானா? உலகத்துல என் தம்பி ஒருத்தன்தான் நடுவான். இவன் போடோ, துவான்! போடோ!"

போடோ என்றால் முட்டாள். மற்றதைக் கிராணி மொழிபெயர்த்தார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதிகாரி குச்சியை வாங்கினான். மொட்டு எந்தப் பக்கம் என்று பார்க்கக் கணுவில் கட்டைவிரலை ஓட்டினான். நிமிர்த்திப் பார்த்தான், கவிழ்த்துப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நம்பவில்லை போலும். அடுத்த மனைக்குப் போய்த் தானே ஒன்றைப் பிடுங்கினான். தலைகீழ். அதற்கடுத்தது. தலைகீழ்.

அவசரத்தில் ஏதாவது ஒன்றை நேராக அடித்திருப்பேனோ? ஒரே ஒரு குச்சி சரியாக நின்றிருந்தால், மாமா லோரியில் ஏறவேண்டியதுதான். என் முட்டாள்தனத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடவுளை வேண்டினேன்.

ஐந்தாவதையும் பிடுங்கினான். தலைகீழ்.

தொண்டையில் ஒரு சத்தம் போட்டான். அது சிரிப்பா, இருமலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பட்டியலை விரித்துப் பதினொரு பேருக்கும் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடிவிட்டு, நடவுக் குச்சியைப் பாழாக்கியதற்காக என் மறு கன்னத்தில் ஒன்று வைத்தான்.

சாயங்காலத்துக்குள் எல்லாக் குச்சியையும் பிடுங்கிச் சமதரையில் ஒழுங்காக நட்டு, காட்டு மரம் வெட்டி மனைகளில் அடிக்கவேண்டும் என்று உத்தரவு. மாமாவும் கூட வந்தார். அட்டை காலில் தொங்க, தின்ற பச்சை இலை வாந்தியாக வர, அடித்துக்கொண்டே போனேன். கடைசிக் குச்சி இறங்கியதும் மாமா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"மச்சான், நீ கொஞ்சம் புத்தியுள்ளவனா இருந்திருந்தா நான் இந்நேரம் சயாமுக்குப் பாதி வழி போயிருப்பேன்" என்றார். பிறகு, சிரிக்க ஆரம்பித்தவர் அழுதுவிட்டார்.

ஒன்பதாம் நாள் புதுக் குடிசையில் அக்காவுக்குப் பெண் பிறந்தது.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் நான் சுவரில் ஆணி அடிக்கப் போனால்கூட, "தலை எந்தப் பக்கம்னு பாத்துக்க" என்று யாராவது குரல் கொடுக்காமல் இருந்ததில்லை. பல வருஷம் கழித்து நீலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது என் மகன் ஒன்று வாங்கினான். மூலையில் நட்டிருந்த சிமெண்டுக் கல்லைப் பெருமையாகக் காட்டினான். கிழவியாகிவிட்ட அக்கா, குடித்துக்கொண்டிருந்த கோப்பியின் மிச்சத்தை அந்தக் கல்லின்மேல் ஊற்றினாள்.

"என்ன அத்தை இது?"

"உங்கப்பன் நின்ன எடம் லா. ஒரு மழை பேயட்டும், அப்புறம் குடி வா."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மழை பெய்த மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன்.